ஆல் வீல் டிரைவும் ஆனைக்கால் டயரும்

முன்குறிப்பு: இது கார் பத்தின பதிவு. கார்னா அலர்ஜின்னு சொல்றவங்க இப்பவே அப்பீட்டு ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். ஆனா வீட்ல ஒரு சுபாரு நிக்குதுன்னா, இல்ல நண்பரோட சுபாருல குடும்பத்தோட தொத்திக்கிட்டு மலைக்குப் போறவரா இருந்தா, கொஞ்சம் பொறுமையா முழுசாப் படிச்சுட்டுப் போங்க. பதிவு நீளம். மேட்டர் அப்படி.

டென்வர் சுத்துப்பட்டுல பொட்டி தட்டுற நம்மாளுங்க மத்தியில ஒரு புது வியாதி பரவிக்கிட்டு இருக்கு. ஃபாரெஸ்டரோ, அவுட்பேக்கோ, கிராஸ்ட்ரெக்கோ வாங்க வேண்டியது. ஆறு மாசம் ஓட்ட வேண்டியது. அப்புறம் யூட்யூப்ல எவனோ ஒருத்தன் பாறை மேல ஏத்திக் காட்டுறதைப் பாத்துட்டு, கம்பெனி குடுத்த டயரைக் கழட்டிப் போட்டுட்டு, ரெண்டு சைஸ் பெருசா, கட்டை கட்டையா பட்டன் வெச்ச ஆல் டெரைன் டயரை மாட்ட வேண்டியது. ஏன் சாமின்னு கேட்டா ஒரே பதில்தான்: "பனிக்கு நல்லது பாஸ். ஆல் வீல் டிரைவ் வேற. இனிமே எதுக்கும் கவலையில்ல."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. அழகுக்குப் போட்டேன்னு சொல்லுங்க, ஒரு வணக்கம் போட்டுட்டுப் போறேன். உங்க காசு, உங்க கார், உங்க ரசனை. பாதுகாப்புக்குப் போட்டேன்னு சொல்லிப் பின் சீட்டுல புள்ளைங்களை உக்கார வெச்சுக்கிட்டு ஜனவரி மாசம் ஐ-70ல ஏறுறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு உங்களோட சண்டை.

சரி, கணக்குல இருந்து ஆரம்பிப்போம். கணக்கு யாரு பக்கமும் சாயாது.

<b>1. "தரையில இருந்து வண்டி நல்லா மேல ஏறிடும்"</b>

ஃபாரெஸ்டர்ல பல வருஷமா வந்துக்கிட்டு இருந்த 17 அங்குல டயரோட அளவு 225/60-17. டயர் அகலம் 225 மில்லிமீட்டர். அதுல 60 சதவீதம் பக்கச் சுவரோட உயரம், அதாவது 135 மி.மீ. 17 அங்குல ரிம்முன்னா 431.8 மி.மீ. மேலயும் கீழயும் பக்கச் சுவரைச் சேர்த்தா மொத்த விட்டம் 701.8 மி.மீ.

நம்மாளுங்க ஆசைப்பட்டு மாட்டுறது 235/65-17. அதே கணக்கைப் போட்டா விட்டம் 737.3 மி.மீ. வித்தியாசம் 35.5 மி.மீ. "அடேங்கப்பா, மூணரை செண்டிமீட்டர்"னு வாயைப் பொளக்காதீங்க. வண்டி உக்காந்திருக்கிறது சக்கரத்தோட நடுவுல. அதனால பாதிதான் உங்களுக்கு, மீதிப் பாதி மட்கார்டுக்குள்ள போயிடும். ஆக, தரை இடைவெளி கூடுறது கிட்டத்தட்ட 18 மி.மீ.

பாக்கெட்டுல பத்து சென்ட் நாணயம் இருந்தா எடுத்துப் பாருங்க. அதோட அகலம் 17.9 மி.மீ. ஒரு செட் டயரு, அலைன்மெண்டு, மாட்டுக் கூலின்னு அழுதுட்டு நீங்க வாங்கிட்டு வர்ற உயரம் அந்தப் பத்து சென்ட் காசுதான்.

<b>2. "கம்பெனிக்காரனே வைல்டர்னெஸ்னு ஒரு மாடல் விக்கிறானே?"</b>

இதைத்தான் எல்லாரும் துருப்புச் சீட்டு மாதிரி வீசுவாங்க. நானும் இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன் :-)

2022 மாடலா அவுட்பேக் வைல்டர்னெஸ் வந்துச்சு. டயர் 225/65-17. சாதா அவுட்பேக்கோட 17 அங்குல டயர் என்ன? 225/65-17. அதே வருஷம் ஃபாரெஸ்டர் வைல்டர்னெஸ். டயர் 225/60-17. சாதா ஃபாரெஸ்டரோட 17 அங்குலம்? அதே 225/60-17. 2024ல கிராஸ்ட்ரெக் வைல்டர்னெஸ். அங்கயும் அதே கதைதான், 225/60-17.

புரியுதா? காட்டுக்குப் போறவனுக்குன்னே தனியா வண்டி செஞ்ச இஞ்சினியர் டயரோட அளவுல கை வைக்கவே இல்ல. பட்டன் டிசைனை மட்டும் ஆல் டெரைனுக்கு மாத்தினான். உயரம் வேணும்னப்ப சஸ்பென்ஷன்ல கூட்டினான். அவுட்பேக்ல 8.7 அங்குலம் இருந்தது 9.5 ஆச்சு, ஃபாரெஸ்டர்ல 8.7 இருந்தது 9.2 ஆச்சு. அதோட நிக்காம ஃபாரெஸ்டர் வைல்டர்னெஸ்ல ஃபைனல் டிரைவ் பல் விகிதத்தை 3.70ல இருந்து 4.11க்கு மாத்தினான். அதாவது அதே டயரை வெச்சுக்கிட்டே இழுவையை 11 சதவீதம் கூட்டினான்.

நம்மாளு என்ன பண்றாரு? பல் விகிதத்தைத் தொடாம டயரை மட்டும் 5 சதவீதம் பெருசாக்குறாரு. இழுவை 5 சதவீதம் குறையுது. கம்பெனிக்காரன் போன திசைக்கு நேர் எதிர்த் திசையில வண்டியைத் திருப்பிட்டு, "அவனே பண்றானே"ன்னு அவனையே சாட்சிக்கும் கூப்பிடுறாரு. என்னத்தச் சொல்ல!

<b>3. "5 சதவீதம் எல்லாம் ஒரு விஷயமா?"</b>

சென்னையிலயோ ஹூஸ்டன்லயோ உக்காந்து கேட்டிருந்தா, அவ்வளவு பெரிய விஷயம் இல்லைன்னு விட்டிருப்பேன். நாம இருக்கிறது கொலராடோ. டென்வரே 5,280 அடி. ஐ-70ல மேற்க போனா ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல இருக்கு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமாரா 3 சதவீதம் சக்தி போயிடும், மூச்சு விடக் காத்து இல்ல, அவ்வளவுதான். 182 குதிரைச் சக்தின்னு விளம்பரத்துல போட்டிருக்கிற ஃபாரெஸ்டர் அந்தச் சுரங்கத்து வாசல்ல நிக்கும்போது அதுல மூணுல ஒரு பங்கு ஓடிப் போயிருக்கும்.

ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கிற ஆளு முதுகுல இன்னொரு மூட்டையை ஏத்துற மாதிரி, அதுக்கு மேல 5 சதவீதம். கூடவே எடை. ஆல் டெரைன் டயருங்க பொதுவாவே கனம், அதுலயும் லைட் டிரக் வகை டயருன்னா கேக்கவே வேணாம். அந்தக் கனமும் சக்கரத்தோட வெளி ஓரத்துல சுத்துற கனம். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அதைச் சுத்தி விடணும், ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் அதைச் சுத்தாம நிறுத்தணும்.

"சிவிடி பாத்துக்கும்"னு ஒரு நண்பர் சொன்னாரு. ஓடிக்கிட்டு இருக்கும்போது விகிதத்தை மாத்திப் பாத்துக்கும்தான். நின்ன இடத்துல இருந்து மேட்டுல கிளம்பும்போது அது ஏற்கெனவே தன்னோட கடைசிப் படியில நிக்குது. அதுக்குக் கீழ இறங்க அதுக்குப் படி கிடையாது. சுபாரு மேட்டுல திணறுதுன்னு புலம்புறவங்க பாதிப் பேரு கார்ல மாட்டியிருக்கிற டயரைப் பாத்தா காரணம் தெரிஞ்சிடும்.

ஏறுறதைக் கூட விடுங்க. இறங்குறதைப் பேசுவோம். அந்தச் சுரங்கத்துக்கு ரெண்டு பக்கமும் நீள நீளமான இறக்கம். சில்வர்த்தார்ன் பக்கம் இறங்கும்போது, பிரேக் போன லாரிங்க ஏறி நிக்கிறதுக்குன்னே ஓரத்துல தனியா மண் மேடு வெச்சிருக்கான், பாத்திருப்பீங்க. உங்க பிரேக் தட்டும் காலிப்பரும் பழைய அளவுதான். சக்கரத்தோட ஆரம் மட்டும் 5 சதவீதம் கூடிடுச்சு. அப்ப அதே மிதிக்கு ரோட்டுல கிடைக்கிற பிடி 5 சதவீதம் குறையும். நெம்புகோல் கணக்கு, எட்டாங்கிளாஸ்ல படிச்சதுதான்.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. கார் தன்னோட வேகத்தைச் சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணித்தான் தெரிஞ்சுக்குது. பழைய டயர் ஒரு மைலுக்கு சுமார் 730 சுத்து சுத்தும். புதுசு 695தான். ஆக கார் 60னு நினைச்சுக்கிட்டு இருக்கும்போது நிஜ வேகம் 63. மூணு மைல்தானேம்பீங்க. பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி வேகத்தோட வர்க்கத்துல போகும். 60க்கு 63ன்னா 10 சதவீதம் கூடுதல். ஸ்பீடாமீட்டருங்க வழக்கமா ஒரு மைலு ரெண்டு மைலு கூட்டித்தான் காட்டும், ஒத்துக்கறேன். அது உங்களுக்குக் குடுத்திருந்த ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு. அதையும் தின்னுட்டு அதுக்கு மேலயும் கை நீட்டிட்டீங்க.

நியாயத்துக்கு இன்னொண்ணும் சொல்லிடறேன். பெரிய டயர் போட்டதும் "மைலேஜ் பத்து சதவீதம் விழுந்துடுச்சு"ன்னு அழறவங்க, அதுல பாதி கணக்குப் பிழைன்னு தெரிஞ்சுக்கங்க. ஓடோமீட்டரும் 5 சதவீதம் கம்மியாத்தான் எண்ணுது. அது 60,000னு காட்டும்போது வண்டி 63,000 ஓடியிருக்கும். ஆயில் மாத்துற கணக்கும் அதோட சேர்ந்து தள்ளிப் போயிருக்கும்.

<b>4. "நான் நாலு டயரையும் ஒரே மாதிரிதானே மாத்தினேன்?"</b>

வாங்க, இதுதான் ஆல் வீல் டிரைவோட ஆதாரப் பிரச்சினை. இதை விளங்கிக்காமலே நிறைய பேரு சுபாரு வெச்சிருக்காங்க.

கார் திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வட்டத்துல போறதில்ல. முன்னது பெரிய வட்டம், பின்னது சின்ன வட்டம். ரெண்டையும் இரும்புத் தண்டால இறுக்கிக் கட்டினா திருப்பத்துல ஏதாவது ஒண்ணு வழுக்கியே ஆகணும். அதனால நடுவுல ஒரு சமரசம் வேணும். சிவிடி இருக்கிற சுபாருல அந்த வேலையைச் செய்யறது எண்ணெயில ஊறிக்கிட்டு இருக்கிற ஒரு கிளட்ச் தட்டு அடுக்கு. கம்ப்யூட்டர் தேவைக்கேத்த மாதிரி அதை அழுத்தும், விடும். முன்ன பின்ன கொஞ்சம் வித்தியாசம் வந்தா தட்டுங்க வழுக்கிக் குடுக்கும். திருப்பத்துல சில நொடி வழுக்குறதுக்குன்னு செஞ்ச சாமான் அது. நாள் முழுக்க வழுக்குறதுக்கு இல்ல.

அதனாலதான் நாலு டயரோட சுற்றளவும் கால் அங்குலத்துக்குள்ள ஒத்துப் போகணும்னு சுபாரு சொல்லுது. கால் அங்குலச் சுற்றளவுன்னா ஆரத்துல எவ்வளவு? கிட்டத்தட்ட 1 மி.மீ. பட்டன் ஒரு மில்லிமீட்டர் தேய்ஞ்ச டயரும் புது டயரும் கூட சரியான ஜோடி இல்லைங்கிற அளவுக்குச் சுத்த பத்தமான ஆசாமி இது.

நீங்க நாலையும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாள் மாத்தினா இந்தக் கிளட்சுக்கு ஒரு கேடும் இல்ல. இதை நான் மறைக்க விரும்பல. பெரிய டயர் போட்டா உடனே ஆல் வீல் டிரைவ் புட்டுக்கும்னு பயமுறுத்துறவங்க சொல்றது தப்பு. பிரச்சினை முதல் நாள்ல இல்ல. முதல் பஞ்சர் அன்னைக்கு இருக்கு.

டிக்கியில இருக்கிற ஸ்டெப்னியை யாராவது மாத்துனீங்களா? அது இன்னும் பழைய டயரோட கணக்குலதான் இருக்கு. அதுவும் பெரும்பாலும் ஒல்லிக்குச்சி ஸ்டெப்னி. மூணு மூலையில 737 மி.மீ. சக்கரம், நாலாவது மூலையில இந்தக் குச்சி. 1 மி.மீ.க்கே முகம் சுளிக்கிற கிளட்சுக்கு இது எப்படி இருக்கும்? பழைய ஆட்டோமேட்டிக் சுபாரு சிலதுல, ஸ்டெப்னி மாட்டும்போது ஒரு ஃபியூசைச் சொருகிப் பின் சக்கர இழுவையையே நிறுத்தி வைக்க வழி இருந்துச்சு. கம்பெனியே அந்த அளவுக்குப் பயந்த விஷயம் இது.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன். பெரிய ஆல் டெரைன் போட்டு ஒண்ணரை வருஷம், பாதிப் பட்டன் தேய்ஞ்சாச்சு. காட்டுப் பாதையில ஒரு கூர்மையான கல்லு பக்கச் சுவரைக் கிழிச்சிடுச்சு. குச்சி ஸ்டெப்னியை மாட்டிக்கிட்டு அதே வேகத்துல மலை இறங்கி வந்துட்டாரு. டென்வர்ல கடைக்குப் போனா அந்த அளவுல அந்த டயர் கையிருப்பு இல்ல, வர மூணு வாரம் ஆகும்னுட்டான். திங்கக்கிழமை ஆபீஸ்ல ஆணி புடுங்கணுமே! கடைக்காரன் "இதே நம்பர்தான் சார்"னு வேற கம்பெனி டயர் ஒண்ணை, ஒரே ஒண்ணை, புதுசா மாட்டி அனுப்பிட்டான். நம்பர் ஒண்ணுதான். கம்பெனிக்குக் கம்பெனி நிஜ அளவு மாறும், போதாததுக்கு மத்த மூணும் பாதி தேய்ஞ்சது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 4 மி.மீ. தேய்மானம்னே வெச்சுக்குவோம். ஒரு டயர் மட்டும் வித்தியாசம்னா, முன் பின் அச்சுக்கு நடுவுல ஒவ்வொரு நூறு மைலுக்கும் சுமார் நானூறு சுத்து வித்தியாசம் விழும். நேர் ரோட்டுலயே, ஸ்டியரிங் அசையாமலே. சில மாசம் கழிச்சுப் பார்க்கிங்ல வளைக்கும்போது வண்டி யாரோ பின்னால இருந்து புடிச்சு இழுக்குற மாதிரி திக்கித் திக்கி அதிர ஆரம்பிச்சுது. கிளட்ச் அடுக்கை மாத்தணும்னாங்க. அந்த பில்லுக்கு மூணு செட் டயர் வாங்கியிருக்கலாம்.

இதே விபத்து கம்பெனி அளவு டயருக்கும் வரலாமேன்னு கேப்பீங்க. வரலாம். ஆனா லட்சக்கணக்கான வண்டியில ஓடுற அளவுன்னா எந்தக் கடையிலயும் கிடைக்கும். அதே மாடல் புது டயரை வாங்கி, மத்த மூணோட மட்டத்துக்குப் பட்டனைச் சீவிக் குடுக்குற கடைங்க கூட இந்த நாட்டுல இருக்கு. நீங்களே தேடிப் புடிச்ச அபூர்வ அளவுக்கு ஜோடி தேடுறது, முப்பத்தஞ்சு வயசுல ஜாதகம் தூக்கிட்டு அலையிற மாதிரிதான்.

<b>5. "உரசாம பாத்துக்கிட்டேன்"</b>

எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு கேளுங்க, அப்பத்தான் சுவாரசியமே. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ரிவர்ஸ் எடுத்தா டயர் உள்பக்க பிளாஸ்டிக்கை உரசும். அதனால பிளாஸ்டிக்கை அறுத்தாச்சு. அப்புறம் மட்கார்டுக்குள்ள ரெண்டு தகடு சேருற பற்றவைப்பு விளிம்பு இடிக்கும். அதைச் சுத்தியலால அடிச்சு மடக்கியாச்சு. பெயிண்ட் வெடிச்ச அந்த விளிம்பு மேல குளிர்காலம் முழுக்க என்ன தெளிக்கிறாங்க? மெக்னீசியம் குளோரைடு. இரும்புக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்னு நான் சொல்லித் தரணுமா? முப்பதாயிரம் டாலர் சாமானைச் சுத்தியலால அடிச்சுட்டு அதுக்கு மாடிஃபிகேஷன்னு பேரு வேற.

உரசலைக் காலியா இருக்கிற வண்டியில சோதிச்சுப் பாக்குறதும் ஏமாத்துதான். அஞ்சு பேரு, ரெண்டு கூலர், ஊர்ல இருந்து வந்த மாமனார் மாமியார் பெட்டி எல்லாம் ஏத்தி, ஸ்பிரிங் அமுங்கி, ஒரு பள்ளத்துல இறங்கிக்கிட்டே திருப்பும்போது உரசுதான்னு பாக்கணும். அதை யாரு பாத்தா?

<b>6. கடைசியா அந்தப் பனி</b>

இதுக்குத்தான இவ்வளவும்? வாங்க.

ஆல் வீல் டிரைவ் என்ன செய்யும்? கிளம்ப வைக்கும். மேடு ஏத்தும். ரொம்ப நல்லா செய்யும். நிறுத்துமா? நிறுத்தாது. உலகத்துல இருக்கிற எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்கு. பக்கத்து வீட்டுப் பழைய கொரோலாவுக்கும் இருக்கு. சிகப்பு விளக்குக்கு முன்னால உங்க ஃபாரெஸ்டரும் அந்தக் கொரோலாவும் சமம். அங்க பேசப் போறது ரப்பர் மட்டும்தான்.

அந்த ரப்பருக்கு அளவு முக்கியம் இல்ல, குணம்தான் முக்கியம். சாதா டயரோட ரப்பர் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழ போகப் போக விறைச்சுக்கும். பனி டயரோட கலவை குளிர்லயும் இளகியே இருக்கும், பட்டன்ல மெல்லிசா நூத்துக்கணக்குல கீறல் இருக்கும், அதுங்கதான் பனியைக் கவ்வும். முரட்டு ஆல் டெரைனோட பெரிய கட்டைங்க புதுப் பனியிலயும் சேத்துலயும் தோண்டிக்கிட்டுப் போகும்தான். பாலீஷ் போட்ட மாதிரி இறுகிக் கிடக்கிற ஐஸ் மேல அந்தக் கட்டைக்கு வேலையே இல்ல.

"எங்கிட்ட எம் பிளஸ் எஸ் முத்திரை இருக்கு"ம்பாங்க. அது பட்டனோட வடிவத்தைப் பாத்துக் கம்பெனியே போட்டுக்கிறது, அதுக்குப் பரீட்சையே கிடையாது. மூணு சிகரத்துக்கு நடுவுல பனிப்பூ போட்ட முத்திரை 1999ல வந்துச்சு, அதுக்குப் பரீட்சை உண்டு. ஆனா அந்தப் பரீட்சையும் இறுகின பனியில முன்னால உந்துற பிடியைத்தான் அளக்குது. ஐசுல எவ்வளவு தூரத்துல நிக்கும்னு அது சொல்லாது. முத்திரை இருக்கிற ஆல் டெரைனையும் நிஜமான பனி டயரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

அகலமும் அப்படித்தான். அகலமா இருந்தா புடிச்சுக்கும்னு நினைப்பு. ஸ்வீடன் ராலியில ஓடுற வண்டிங்க டயரைப் பாருங்க. ஒல்லியா, ஆணி அடிச்சு (நம்ம ஆபீஸ் ஆணி இல்ல, நிஜ ஆணி) இருக்கும். 2005ல பெட்டர் சோல்பர்க் சுபாரு இம்ப்ரெஸாவுல அந்த ராலியை ஜெயிச்சதும் ஒல்லி டயர்லதான். பனியைக் கிழிச்சுக்கிட்டு கீழ இருக்கிற கெட்டியைத் தொடணும்னா ஒல்லிதான் நல்லது. அதே சுபாருவை வாங்கிட்டு அகல டயர் போட்டு, "பனிக்கு நல்லது"ன்னு நமக்கு வகுப்பு எடுக்குறாங்க.

கியூபெக்ல என்ன பண்ணாங்க? 2008ல இருந்து குளிர்காலத்துல பனி டயர் கட்டாயம்னு சட்டம் போட்டாங்க. டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும். "ஆல் வீல் டிரைவ் வெச்சிருக்கேன்"னு சொல்லி அங்க தப்பிக்க முடியாது. நம்ம கொலராடோவுல 2019ல வந்த சட்டம் ஆல் வீல் டிரைவுக்குக் கொஞ்சம் சலுகை காட்டுது. ஆனா டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் நடுவுல ஐ-70ல செப்டம்பர்ல இருந்து மே வரைக்கும் டயர்ல குறைஞ்சது 3/16 அங்குலப் பட்டன் இருக்கணும்னு அதுலயும் இருக்கு. சட்டம் எழுதினவன் பாத்தது பட்டனோட ஆழத்தை. உயரத்தைப் பத்தி அவன் பேசவே இல்ல.

<b>அப்ப யாருதான் பெரிய டயர் போடலாம்?</b>

லோ ரேஞ்ச் கியர் இருக்கிற, சட்டத்து மேல உக்காந்திருக்கிற நிஜமான 4x4 வெச்சிருக்கிறவங்க போடட்டும். அது அதுக்குன்னே செஞ்சது. சுபாருலயும், வாராவாரம் நிஜமாவே கரடு முரடுக்குப் போறவரு, நாலோட சேர்த்து அஞ்சாவதா அதே டயரை ஸ்டெப்னியா வெச்சிருக்கிறவரு, பனிக்காலத்துக்கு வேற செட் வெச்சிருக்கிறவரு, போடுங்க சாமி, கும்பிடறேன். 225/60க்குப் பதிலா 225/65னு ஒரு படி மட்டும் ஏறுறவரோடயும் எனக்குப் பெரிய வழக்கு இல்ல. அது 3 சதவீதத்தை ஒட்டி வரும். ஸ்டெப்னி விஷயத்தை மட்டும் யோசிச்சுக்கங்க.

என் வழக்கு மத்த தொண்ணூறு பேரோட. வாரத்துல அஞ்சு நாள் ஆபீசு, ஆறாவது நாள் காஸ்ட்கோ, ஏழாவது நாள் கோயிலு. வருஷத்துல நாலு தடவை மலை. அந்த நாலு தடவையும் போறது தார் ரோடு. இவங்களுக்கு வேண்டியது, கம்பெனி அளவுலயே ஒரு செட் பனி டயர். பெரிய ஆல் டெரைனுக்குக் குடுக்கிற காசுக்கு அது வந்துடும். குளிர்காலம் அஞ்சு மாசம் அது ஓடும்போது கோடைகால டயர் கராஜுல ஓய்வெடுக்கும், அதோட ஆயுசும் நீளும். 6,000 மைலுக்கு ஒரு தடவை இடம் மாத்தி மாட்டுங்க, நாலும் சமமாத் தேயும், அந்த நடுக் கிளட்சும் உங்களை வாழ்த்தும்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் அளவு, காத்து அழுத்தம் எல்லாம் போட்டு. அழகுக்கு ஒட்டினது இல்ல அது. 2000ல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், ஃபயர்ஸ்டோன் டயர் விவகாரம் ஞாபகம் இருக்கா? 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கினாங்க. 26 பிஎஸ்ஐயா 30 பிஎஸ்ஐயான்னு ரெண்டு கம்பெனியும் ஊரறியச் சண்டை போட்டுச்சு. அமெரிக்க அரசாங்கக் கணக்குல 271 சாவு. இன்னைக்கு டாஷ்போர்டுல எரியுற காத்துக் குறைவு விளக்குக்கே அந்தச் சாவுகளுக்கு அப்புறம் வந்த சட்டம்தான் காரணம். வண்டியையும் டயரையும் ஒத்துப் போக வைக்கிறது, அதையே தொழிலா வெச்சிருக்கிறவங்களுக்கே அவ்வளவு கஷ்டமா இருந்திருக்கு. நாம யூட்யூப்ல பன்னெண்டு நிமிஷம் பாத்துட்டு அந்த ஸ்டிக்கரைத் தோற்கடிக்கக் கிளம்புறோம்.

பெரிய டயர் போட்டவரு இன்னொரு ஆபத்தையும் சேர்த்து வாங்குறாரு, அது தைரியம். டயர் பெருசாத் தெரியிறதால வேகம் கூடுது, முன் வண்டிக்கும் நமக்கும் இருக்கிற இடைவெளி குறையுது. ஐஸ் மேல காரோட தோற்றத்துக்கு மரியாதை கிடையாது. இடைவெளிக்கு மட்டும்தான் உண்டு.

டிஸ்கி 1: நான் மெக்கானிக் இல்ல. கால்குலேட்டர் தட்டத் தெரிஞ்ச சாதாரண பொட்டி தட்டி. மேல இருக்கிற கணக்கு எல்லாமே நீங்களும் போட்டுப் பாக்கலாம்.

டிஸ்கி 2: பின்னூட்டத்துல திட்ட வர்றவங்க தாராளமாத் திட்டலாம். மாட்டியிருக்கிற டயரோட அளவையும், ஸ்டெப்னியோட அளவையும், போன குளிர்காலத்துல எத்தனை நாள் தார் ரோட்டை விட்டு இறங்கினீங்கன்னும் முதல் வரியில எழுதிட்டு அப்புறம் திட்டவும். மூணுக்கும் பதில் இருக்கிறவங்களோட விடிய விடிய கும்மி அடிக்க நான் ரெடி.